டர்பனில் மரபுவழிப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஆலோசனை உயர்தரம், கையேடு அரைகுறை

மரபுவழிப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையை ஆலோசனையோடு சேர்த்து வழங்கும் ஒரு தனியார் சேவையை டர்பனில் எங்கள் குடும்பம் அண்மையில் பயன்படுத்தியது. அக்காவுக்கு நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மார்பகப் புற்றுநோய் வந்ததாலும், அப்பாவின் மூத்த சகோதரி இளவயதிலேயே ஏதோ கட்டியால் இறந்தவர் என்பதாலும், அறுவை மருத்துவரே எங்களை அங்கே அனுப்பினார். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கே சொல்லியிருப்பவற்றைக் கொண்டு இத்தகைய எந்த நிறுவனத்தையும் வாசகர்கள் எடைபோட்டுப் பார்க்கலாம். ஆய்வகப் பணியில் குறை காண முடியவில்லை. ஆலோசகர் மிகச் சிறந்தவர். ஆனால் முடிவோடு கையில் கொடுக்கப்படும் கையேடு, பரிசோதிக்கப்பட்ட பிஆர்சிஏ2 மரபணு (அது பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும்) உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதில் பாதியைத்தான் சொல்கிறது. பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு அந்த விடுபட்ட பாதிதான் முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அக்காவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்து ஏன் வேலை செய்யும் என்பதே அதற்குள்தான் இருக்கிறது.

நடைமுறை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி இல்லாமல் இரத்தம் எடுக்க மாட்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தை அலுவலகத்தினரே பார்த்துக்கொண்டார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து போய்வருவது கடினமில்லை, வண்டி நிறுத்த இடமும் இருக்கிறது. ஒரு குழாய் இரத்தம் எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆயின. ஒப்புதல் படிவத்தை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது: மிச்ச மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா, எதிர்பாராத வேறொரு மரபணுவில் மாற்றம் தெரிந்தால் சொல்ல வேண்டுமா என்ற இரண்டு கேள்விகள் அதன் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன.

இச்சேவையின் சிறப்பு ஆலோசனை அறையில்தான் தெரிந்தது. ஆலோசகர் நாட்டின் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தில் பதிவு பெற்றவர். மரபியல் ஆலோசகர்கள் தென்னாப்பிரிக்காவில் மிகச் சிலரே இருந்தும், அவசரம் எதுவும் காட்டாமல் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குடும்ப வரைபடம் போட்டார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்கள்மேல் ஒரு சாய்கோடு. அத்தையைப் பற்றிக் கேட்டபோது அம்மா, “வயித்துல கட்டி” என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், வயிறு வீங்கியிருந்ததா, நீர் எடுத்தார்களா, எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, டொங்காட்டில் இருக்கும் அத்தை மகனிடம் பழைய மருத்துவக் காகிதங்களைத் தேடச் சொன்னார். அது சினைப்பைப் புற்றுநோய் என்று அந்தக் காகிதங்களில் தெளிவாக இருந்தது. மார்பகப் புற்றுநோய் என்றால் தாய்வழியை மட்டும் விசாரிக்கும் வழக்கம் மருத்துவர்களிடமே உண்டு; தந்தையும் இந்த மரபணு மாற்றத்தை அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு பிள்ளைகளுக்குக் கடத்துவார் என்பதால், தந்தைவழியை இவ்வளவு அக்கறையோடு துருவியதற்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

இங்கே ஒரு சிறு விலகல். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை டர்பன் அமைந்திருக்கும் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல்களில் ஊர், தந்தை பெயர், எண் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் கப்பல் எண்ணை மனப்பாடமாகச் சொல்பவர்கள் எங்கள் குடும்பங்களில் பலர் உண்டு. சித்திக்கு எதற்காக அறுவை சிகிச்சை நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காத தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். பரிசோதனைக்குப் போகுமுன் குடும்பப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் ஆலோசகரின் நேரம் மிச்சமாகும்.

எந்தப் பரிசோதனையைத் தேர்வது என்பதிலும் ஆலோசகரின் அறிவு வெளிப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிக்கானர் மக்களிடையே பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சில குறிப்பிட்ட மாற்றங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன; மேற்குக் கேப் பகுதியில் கோசா மக்களிடமும் கலப்பு மரபினரிடமும் வேறொரு பிஆர்சிஏ2 மாற்றம் அறியப்பட்டிருக்கிறது. அந்தச் சிலவற்றை மட்டும் தேடும் பரிசோதனை விலை குறைவானது. இந்திய வம்சாவளியினருக்கு அது ‘இல்லை’ என்று சொன்னாலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் மிகக் குறைவு. ஆகவே இரு மரபணுக்களையும் அவற்றோடு தொடர்புள்ள வேறு சிலவற்றையும் முழுவதுமாக வாசிக்கும் பரிசோதனையையே செய்ய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தை மெடிக்கல் எய்ட் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தார். விலை குறைவானதைச் செய்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிய குடும்பங்களையும் நான் அறிவேன்.

அக்காவின் முடிவு வந்தபோது பிஆர்சிஏ2 மரபணுவில் சில எழுத்துகள் விடுபட்டு, அதற்குப் பின்னால் எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டமே பிசகிப் புரதம் பாதியில் முடிந்துவிடுவதாகக் கண்டிருந்தது. அப்போது ஆலோசகர் அதே குடும்ப வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு கவையை, அதாவது டி.என்.ஏ.வின் இரட்டை இழை பிரிந்து இரட்டிப்பாகும் இடத்தின் ஒய் வடிவத்தை, வரைந்து விளக்கினார். அந்தப் படத்தை அக்கா வாங்கி வந்துவிட்டார். கையேட்டில் இருந்திருக்க வேண்டிய படம் அது. அவர் சொன்னதையும் நான் வகுப்பில் கற்பிப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒரே ஒரு முறை இரட்டிப்பாக்க வேண்டும். தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும் சேர்ந்து ஏறத்தாழ 600 கோடி எழுத்திணைகள். இதற்குக் கிடைக்கும் நேரம் மனித உயிரணுவில் சுமார் 8 மணி. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போவதென்றால் நடக்காத காரியம். ஆகவே பல்லாயிரம் இடங்களில் இரட்டை இழை திறக்கப்பட்டு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரு திசைகளிலும் ஒவ்வோர் இரட்டிப்புக் கவை நகர்கிறது. கவையின் முன்னால் ஹெலிகேஸ் என்னும் நொதி பழைய இழைகளைப் பிரித்துக்கொண்டே போக, பின்னால் பாலிமரேஸ் நொதிகள் புதிய இழைகளைக் கோக்கின்றன. வேகம் நிமிடத்திற்குச் சராசரியாக 1,000 முதல் 2,000 எழுத்துகள்.

கவை எப்போதும் தடையின்றி நகர்வதில்லை. கோப்பதற்கான எழுத்துகளாகிய நியூக்ளியோடைடுகள் போதாமல் போகலாம்; வழியில் ஓர் எழுத்து வேதிமாற்றம் அடைந்து கிடக்கலாம்; அதே இழையில் ஆர்.என்.ஏ. படியெடுக்கும் பொறி எதிர்ப்படலாம். கவை நின்றால் வெறும் ஒற்றை இழை வெளியே தெரிகிறது. ஆர்.பி.ஏ. என்னும் புரதம் அதன்மேல் படிகிறது, ஏ.டி.ஆர். என்னும் நொதி அதைக் கண்டு எச்சரிக்கை கொடுத்து, புதிய இடங்களில் இரட்டிப்புத் தொடங்குவதை நிறுத்தி வைக்கிறது. நின்ற கவைகளில் பல அப்போது பின்னோக்கி மடங்குகின்றன: புதிதாகக் கோக்கப்பட்ட இரு இழைகளும் பழையவற்றை விட்டு விலகி ஒன்றோடொன்று இணைந்து, கவைக்கு நான்காவது கால் ஒன்று முளைக்கிறது. இது தடையைச் சரிசெய்ய அவகாசம் தரும் ஏற்பாடு. ஆனால் அந்த நான்காவது காலின் நுனி திறந்து கிடப்பதால், எம்.ஆர்.இ.11 போன்ற நியூக்ளியேஸ் நொதிகள் அதைத் தின்னத் தொடங்குகின்றன.

பிஆர்சிஏ2 அங்கேதான் தேவைப்படுகிறது. 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பெரும் புரதம், ஆர்.ஏ.டி.51 என்னும் சிறிய புரதத்தின் பல பிரதிகளைச் சுமந்து வந்து, ஆர்.பி.ஏ.வை விலக்கிவிட்டு டி.என்.ஏ. இழைமேல் வரிசையாக ஏற்றுகிறது. அந்தப் பூச்சு நிலைத்திருக்கும்வரை நியூக்ளியேஸால் புதிய இழையைத் தின்ன முடியாது. “புடவைக்கு முந்தானையில குஞ்சம் கட்டுற மாதிரியா?” என்று அக்கா கேட்டார், கட்டாவிட்டால் ஓரத்திலிருந்து நூல் பிரிந்துகொண்டே போகும் என்ற அளவில் அது பொருத்தமான உவமைதான்.

இந்தப் பணி வெளிப்பட்டது அண்மையில்தான். பிஆர்சிஏ2 மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருப்பது 1994-இல் தெரிந்தது, 1995-இல் அதன் எழுத்துவரிசை கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அதை முறிந்த டி.என்.ஏ.வைச் சீராக்கும் மரபணு என்றே பேசிவந்தார்கள். 2011-இல் கதரினா ஷ்லாகர், மரியா ஜாசின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு கவைப் பாதுகாப்பைத் தனி வேலையாகப் பிரித்துக் காட்டியது. அதன் முறை எளிமையானது, அழகானதும்கூட. வளரும் உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றக்கூடிய இருவகை நியூக்ளியோடைடுகளை அடுத்தடுத்துக் கொடுத்து, பிறகு ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்தால் நியூக்ளியோடைடு உற்பத்தியை வற்றச் செய்து கவைகளை நிறுத்துகிறார்கள். டி.என்.ஏ. இழைகளைக் கண்ணாடித் தகட்டில் நீட்டிப் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால் புதிதாகக் கோக்கப்பட்ட பகுதி நிறக்கோடாகத் தெரியும். இயல்பான உயிரணுவில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் கோட்டின் நீளம் குறைவதில்லை. பிஆர்சிஏ2 இல்லாத உயிரணுவில் கோடு குட்டையாகிக்கொண்டே போகிறது, எம்.ஆர்.இ.11 நொதியைத் தடுத்துவிட்டால் நீளம் மீண்டும் காக்கப்படுகிறது. இன்னும் நுட்பமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. புரதத்தின் வால்பகுதியில் 3291-ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் முறிவுகளைச் சீராக்கும் திறன் அப்படியே இருக்க, கவையைக் காக்கும் திறன் மட்டும் போய்விடுகிறது. ஆக, இவை ஒரே புரதத்தின் வெவ்வேறு வேலைகள். மறு ஆண்டே பிஆர்சிஏ1 மரபணுவுக்கும் இதே காவற்பணி உண்டென்று அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அக்காவின் மாற்றம் ஏன் ஆபத்தானது என்பது இப்போது விளங்கும். புரதத்தை உயிரணுவின் உட்கருவுக்குள் அனுப்பும் முகவரிப் பகுதியும் வால்பகுதியில்தான் இருக்கிறது. பாதியில் முடிந்த புரதம் முன்பகுதியில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் டி.என்.ஏ. இருக்கும் இடத்துக்கே போய்ச் சேராது.

இனி கையேடு. வழவழப்பான தாள், நல்ல வண்ணங்கள், ஒரு திருகுசாவிப் படம். ‘உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணு’ என்று ஒரு வரி. அது பழுதானால் ‘உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்’ என்று அடுத்த வரி. முதல் வரி குறையுடையது, இரண்டாவது வரி தவறான எண்ணத்தைத் தருவது. பிஆர்சிஏ2 முற்றிலும் இல்லாத உயிரணு வேகமாகப் பெருகுவதில்லை, திணறுகிறது. கவைகள் அரிக்கப்படுகின்றன, இரட்டிப்பு முடியாத பகுதிகளோடே உயிரணு பிரிதலுக்குள் நுழைகிறது, குரோமோசோம்கள் முறிகின்றன, பழுதான உயிரணுக்களைத் தடுத்து நிறுத்தும் பி53 என்னும் காவல் புரதம் விழித்துக்கொண்டு பெரும்பாலான உயிரணுக்களை நிறுத்திவிடுகிறது. இரு பிரதிகளும் செயலிழந்த எலிக் கருக்கள் பிறக்குமுன்பே இறந்துவிடுகின்றன. புற்றுநோயாவது, இந்தக் குழப்பத்தில் பி53 போன்ற காவலையும் இழந்து தப்பித்த அரிய உயிரணு. சைக்ளின் ஈ, மிக் போன்ற புற்றுத்தூண்டு மரபணுக்கள் இதற்கு நேர்மாறான வழியில் வருகின்றன: உயிரணுவை ஆயத்தமாகுமுன்பே இரட்டிப்புக்குள் தள்ளி, தொடங்கக் கூடாத இடங்களில் கவைகளைத் தொடங்கவைத்து, அவற்றை நிற்கச் செய்கின்றன. இரண்டும் இரட்டிப்பு நெருக்கடியில் வந்து சேர்ந்தாலும், ஒன்று காவலை எடுப்பது, மற்றது முடுக்குவது. கையேடோ ‘புற்றுநோய் மரபணுக்கள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் அடுக்கிவைத்திருக்கிறது. அதைப் படித்த என் தம்பி, “அப்ப அக்கா உடம்பு முழுக்க இந்த ஜீன் கேன்சரை வளர்த்துக்கிட்டே இருக்கா?” என்று கேட்டான். அப்படியில்லை. அக்காவின் பிற உயிரணுக்களில் அம்மாவிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது; பெரும்பாலும் அந்த இரண்டாவது பிரதியும் இழக்கப்பட்ட உயிரணுவில்தான் கட்டி உருவாகிறது.

ஒரு பிரதி இருந்தால் முழுக்கப் போதுமா என்ற கேள்வியையும் அக்கா கேட்டார். கேம்பிரிட்ஜில் அசோக் வெங்கிட்டராமன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபார்மால்டிஹைடும் மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடும் பிஆர்சிஏ2 புரதத்தின் அளவைக் குறைப்பதும், ஏற்கெனவே ஒரு பிரதியை இழந்த உயிரணுக்களில் அதனால் கவைகள் பாதுகாப்பிழப்பதும் காட்டப்பட்டன. இது ஆய்வக உயிரணுக்களில் கண்டது என்பதை ஆலோசகர் வலியுறுத்தினார். ஆனாலும் மதுவைக் குறித்துக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது விந்தைதான்.

மருந்து விஷயத்தில் கையேட்டின் விடுபடல் நேரடியாகக் கடிக்கிறது. பிஆர்சிஏ குறைபாடுள்ள கட்டிகளுக்கு ஓலபாரிப் போன்ற பார்ப் தடுப்பான்கள் (டி.என்.ஏ.வைச் சீராக்க உதவும் பார்ப் என்னும் நொதியைத் தடுக்கும் மருந்துகள்) கொடுக்கப்படுகின்றன. 2005-இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இந்த உத்தியைக் காட்டின. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஓலபாரிப் அனுமதி பெற்றது. இம்மருந்து பார்ப் நொதியை டி.என்.ஏ.மேலேயே பூட்டி வைத்து, வரும் கவைகளுக்கு இடறுகல்லாக்குகிறது. கவையைக் காக்கவும் முறிவைச் சீராக்கவும் வழியில்லாத கட்டி உயிரணு சாகிறது. நல்ல பிரதி உள்ள உயிரணு சமாளித்துக்கொள்கிறது. நோய்க்குக் காரணமான அதே குறையே கட்டியின் பலவீனமும் ஆகிறது என்பதைக் கவையின் படமின்றி நோயாளிக்கு விளக்கவே முடியாது. சில கட்டிகள் காலப்போக்கில் இம்மருந்தை எதிர்க்கப் பழகுவதற்கும், பிசகிய வாசிப்புச் சட்டம் மறுமாற்றத்தால் சரியாவது போன்ற காரணங்களோடு, கவைப் பாதுகாப்பு வேறு வழியில் திரும்புவதும் காரணமாகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அறிக்கையைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும். முதல் பக்கத்திலேயே மாற்றத்தின் முறையான குறியீடு, தீங்கற்றது முதல் நோய் தருவது வரையான ஐந்து படிநிலைகளில் அது எதைச் சேர்ந்தது, எந்த மரபணுக்கள் வாசிக்கப்பட்டன, எந்தப் பகுதிகள் சரியாக வாசிக்கப்படவில்லை என்பவை தெளிவாக இருந்தன. அபாய அளவுக்கு 2017-இல் வெளியான பெரிய தொடர் ஆய்வின் எண்களைக் கொடுத்திருந்தார்கள்: பிஆர்சிஏ2 மாற்றமுள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய்க்கு 17 விழுக்காடு.

குறைகள் இரண்டு. ஆலோசனைக்கு நாள் குறித்திருந்தும், அதற்கு முந்தைய மாலையிலேயே முடிவு மின்னஞ்சலில் அக்காவுக்குப் போய்விட்டது. கடவுச்சொல் போட்டுத் திறந்து, சிவப்பு எழுத்தில் இருந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தார். கேட்டபோது கணினி தானாக அனுப்பியது என்றார்கள். கணினிக்கு நாளைச் சொல்லி வைப்பவர்கள் மனிதர்கள்தானே. மற்றொன்று, உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சிட்டு வைத்திருந்த கடிதம் சகோதரிகளையும் மகள்களையும் மட்டுமே விளித்தது. பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட், கணையம், மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்பா வழியாகவே இது எங்கள் வீட்டுக்கு வந்தது. தம்பிக்கும் அத்தை மகனுக்கும் கொடுக்க ஆலோசகர் தம் கைப்பட வேறு கடிதம் எழுதித் தர வேண்டியதாயிற்று.

அக்காவின் அறிக்கையில், கூடவே வாசிக்கப்பட்ட மரபணுக்களில் ஒன்றான ஏ.டி.எம். மரபணுவிலும் ஒரு மாற்றம் ‘பொருள் உறுதியாகாதது’ என்ற வகையில் குறிக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளே உலகத் தரவுத்தளங்களில் நிறைந்திருப்பதால், நம்மவர் அறிக்கைகளில் இத்தகைய குறிப்புகள் கூடுதலாகவே வரும். அதை வைத்து அறுவை சிகிச்சையோ மருந்தோ முடிவு செய்யக் கூடாது. தரவு சேரச் சேர அந்த வகைப்பாடு மாறக்கூடும் என்றாலும், மாறினால் இந்த நிறுவனம் தானாக அறிவிப்பதில்லை. மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும், இரத்தம் மீண்டும் தரத் தேவையில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலுள்ள ஆய்வக எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.